பஞ்சாலை கலக்கிய சவுக்காரம்

பஞ்சாலைக்குச் சவுக்காரம் காய்ச்ச யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஜப்பான்காரன் வந்த மறு வருஷம் கடைகளில் கட்டிச் சவுக்காரம் அறவே கிடைக்காமல் போய், தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்துப் பிள்ளைகளின் விரலிடுக்குகளில் சிரங்கு வெடித்தபோது, அவளாகவே அடுப்பில் சட்டியை ஏற்றிப் பார்த்தாள். முதல் இரண்டு தடவையும் எண்ணெய் தனியாகவும் தண்ணீர் தனியாகவும் நின்றன. மூன்றாவது தடவை சட்டியில் இருந்தது பழுப்பாக, களிபோலத் திரண்டது. கரண்டியால் கொஞ்சம் வழித்து, ரப்பர்ப் பால்கறை பிடித்த பாவாடையில் தேய்த்துப் பார்த்தாள். கறை விட்டது. அன்று சாயங்காலம் லயத்துப் பெண்கள் பாதிப்பேர் கொட்டாங்கச்சியும் கையுமாக அவள் வாசலில் நின்றார்கள்.

சிரம்பான் பக்கம் செனாவாங்கைத் தாண்டி, எட்டாவது மைல்கல்லில் பிரிகிற செம்மண் பாதைக்குள் இருந்தது அந்தத் தோட்டம். எட்டாங்கட்டைத் தோட்டம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பிறகு கித்தா என்கிற ரப்பர் மரங்களில் பாதியைத் தொடுவாரில்லை. பால் வெட்டிய ஆட்கள் மரவள்ளி நட்டார்கள், மரவள்ளி பிடுங்கினார்கள், மூன்று வேளையும் மரவள்ளியே தின்றார்கள்.

பஞ்சாலையின் புருஷன் சன்னாசியை நாற்பத்து மூன்றில் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் லோரியில் ஏற்றினார்கள். ஏறும்போது அவன் பெண்டாட்டியிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான். தன் தங்கை நீலாவதியைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னான். நீலாவதிக்கு அப்போது பதினாறு வயது.

ஜப்பான் சிப்பாய்கள் வயசுப் பெண்களைத் தூக்கிப்போகிறார்கள் என்ற பேச்சு எங்கும் இருந்தது. அவன் போன மறுநாளே பஞ்சாலை நாத்தனாரின் தலைமயிரைக் கத்தரித்தாள். சன்னாசியின் பழைய சட்டையையும் கைலியையும் உடுத்தச் சொல்லி, அடுப்புக்கரியை அரைத்து முகத்திலும் கழுத்திலும் பூசினாள். செம்மண் பாதையில் மோட்டார் சத்தம் கேட்டால் நீலாவதி விறகுக் கட்டுகளுக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும். அண்ணி வந்து கூப்பிடும்வரை இருமக்கூடக் கூடாது. இப்படியே ஒரு வருஷம் ஓடியது. நீலாவதியின் பெயர் தோட்டத்துப் பெயர்ப்பட்டியலிலேயே இல்லை. பஞ்சாலைக்கு எப்போதாவது அளந்த பிடி அரிசியைத்தான் இரண்டு பேரும் பங்கிட்டுக்கொண்டார்கள்.

நாற்பத்து நான்கின் நடுவில் துரை பங்களாவுக்கு ஒரு ஜப்பான் அதிகாரி குடிவந்தான். தடித்த கண்ணாடி போட்ட ஒல்லி ஆள். அவனோடு ஒரு காரும் வந்தது. யாரிடமிருந்து பிடுங்கியதோ, பெரிய கறுப்புக் கார். அதன்மேல் காய்ந்த இலையின் நிறத்தில் தூரிகையால் சாயம் பூசியிருந்தார்கள். காரை ஓட்டியவன் மோரி என்ற சிப்பாய். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். காதோரம் நரைத்திருந்தது. யாரிடமும் பேசமாட்டான். பேசினாலும் யாருக்கும் புரியப்போவதில்லை.

தோட்டத்தில் ஜப்பான் பாஷை தெரிந்தவர் கணக்கெழுதும் கிராணி ஆம்புரோஸ் ஒருவர்தான். சிரம்பானை ஒட்டிய ரஹாங்கில் பிறந்து வளர்ந்த கிறிஸ்தவர். கழுத்துப் பொத்தானைக்கூடக் கழற்றாத மனிதர். சிரம்பானில் மூன்று மாதம் அந்தப் பாஷையைப் படித்துவிட்டு வந்ததால் அதிகாரி எங்கே போனாலும் அவர் பின்னால் ஓட வேண்டியிருந்தது.

ஒருநாள் காலையில் ஆம்புரோஸ் மரவள்ளிக்காட்டுக்கு வந்து பஞ்சாலையைக் கூப்பிட்டார். பங்களாவில் கார் கழுவச் சவுக்காரம் தீர்ந்துவிட்டதாம். அவள் காய்ச்சுவதை எடுத்துக்கொண்டு வந்து கழுவிக் கொடுக்க வேண்டுமாம். மாட்டேன் என்று சொல்லும் காலமா அது? வீட்டுக்கு ஓடி நீலாவதியை விறகுக்குப் பின்னால் இருத்திவிட்டு, ஒரு கொட்டாங்கச்சி நிறையச் சவுக்காரத்தோடு பங்களாவுக்குப் போனாள்.

அன்றைக்குச் சவுக்காரம் சரியாக வேலை செய்யவில்லை. தேங்காயெண்ணெய் கிடைக்காததால் செம்பனை எண்ணெயில் காய்ச்சியது அது. வாளித் தண்ணீரில் கரைத்துக் காரில் பூசியபோது நுரை வருவதற்குப் பதிலாகக் கொழகொழவென்று வழிந்தது. கண்ணாடிகளில் எண்ணெய்த் திரை படிந்தது. வெளியே வந்து பார்த்த அதிகாரி காரின்மேல் விரலை இழுத்து, அந்த விரலை மோரியின் முகத்துக்கு நேரே நீட்டி ஏதோ சொல்லிவிட்டு உள்ளே போனான்.

மோரி வாளியருகே வந்தான். தண்ணீரைப் பார்த்தான், பஞ்சாலையைப் பார்த்தான்.

“அவா” என்றான்.

அவளுக்குக் கையிலிருந்த துணி நழுவியது. அவன் மறுபடி, இன்னும் அழுத்தி, “அவா. அவா” என்றான்.

அவ. யாரை இவன் அவ என்கிறான்? லயத்தில் எவளோ சொல்லியிருக்கிறாள். நீலாவதி விறகுக்குப் பின்னால் படுத்திருப்பது இவனுக்குத் தெரிந்துவிட்டது. பஞ்சாலைக்கு அந்த நிமிஷம் வேறு எதுவும் தோன்றவில்லை.

“வூட்டுல நான் ஒருத்திதான் இருக்கேன். வேற யாரும் இல்லைங்க” என்றாள்.

அவன் தலையை ஆட்டி மறுத்தான். இரண்டு கைகளையும் காற்றில் உயர்த்தி, மேலே உருண்டையாக, கீழே இன்னும் பெரிய உருண்டையாக ஒரு வடிவம் காட்டினான். மறுபடியும் “அவா” என்றான். பிறகு லயத்துப் பக்கமாகக் கையை நீட்டினான். பஞ்சாலை அவன் காலடியில் விழுந்தாள். பூட்ஸைப் பிடித்துக்கொண்டு, என்னைக் கொண்டுபோ, அவளை விட்டுவிடு என்று அழுதாள். அழுகையில் நீலாவதியின் பேரையே சொல்லிவிட்டாள். அந்த மனிதனோ கால்களை விடுவிக்கப் பார்த்துப் பின்வாங்கிப் பின்வாங்கிக் காரில் முட்டிக்கொண்டு நின்றான். அவன் முகத்திலும் கலவரம்.

சத்தம் கேட்டு ஆம்புரோஸ் ஓடிவந்தார். மோரியிடம் ஏதோ கேட்டார், அவன் பதில் சொன்னான். கிராணி குனிந்து அவளை எழுப்பப் பார்த்தார்.

“எந்திரி பஞ்சாலை. அவன் பொம்பளையக் கேக்கல. அவான்னா அவங்க பாஷையில நுரை. சவுக்கார நுரை. நல்லா நுரை வர்ற மாதிரி வீட்டுல காய்ச்சிக் கொண்டான்னு சொல்றான்.”

அவள் எழவில்லை. மண்ணிலேயே உட்கார்ந்துகொண்டாள். சிரிப்பு வரவேண்டிய இடம் அது. ஆனால் வரவில்லை. அர்த்தம் தெரிந்த பிறகும் அந்தச் சொல் காதை விட்டுப் போகவில்லை. நுரை வராவிட்டால் அவன் மறுபடி வந்து அதே சொல்லைச் சொல்வான் என்பது மட்டும் அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

நாளை மறுநாள் சிரம்பானிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் தோட்டத்தைப் பார்வையிட வருகிறாராம். அவரை எதிர்கொண்டு அழைத்துவரப் போகிற கார் அது. அதனால்தான் இத்தனை கெடுபிடி என்று ஆம்புரோஸ் சொல்லி அனுப்பினார்.

பஞ்சாலை அன்றைக்கே காய்ச்ச உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டு மங்கம்மா பிள்ளைகளுக்குத் தடவ ஒளித்துவைத்திருந்த தேங்காயெண்ணெயைக் கெஞ்சி வாங்கினாள். தென்னை மட்டையும் வாழைச் சருகும் எரித்த சாம்பலை வழக்கத்தைவிட இரண்டு மடங்கு போட்டு ஊறவைத்தாள். கோணியில் வடித்த காரநீரைக் கொதிக்கவிட்டுச் சுண்டவைத்தாள். அதுவும் போதாது என்று தோன்றியது. மங்கம்மாவிடமே வெற்றிலைச் சுண்ணாம்பு ஒரு கட்டி வாங்கி அதில் கரைத்தாள். சுண்ணாம்பு சேர்ந்தால் காரம் ஏறும் என்பது அவளுக்குத் தெரியும்.

காரத்தைச் சோதிக்க அவளுக்கு ஒரு வழி இருந்தது. ஒரு கோழி இறகை நீரில் தோய்த்து எடுப்பாள். இறகு அப்படியே இருந்தால் காரம் போதாது. ஓரம் சற்றுக் கரைந்தால் சரி. அன்றைக்குத் தோய்த்து எடுத்தபோது கையில் வெறும் நடுத்தண்டுதான் வந்தது. மற்றதெல்லாம் கரைந்துபோயிருந்தது. பிள்ளைகளின் உடம்புக்கு என்றால் அந்த நீரைச் சாக்கடையில் கொட்டியிருப்பாள். இது இரும்புக்குத்தானே, இரும்பை என்ன செய்துவிடும் என்று நினைத்து, எண்ணெயை அதிலேயே ஊற்றிக் காய்ச்சினாள். நினைத்தது அவள்தான். வேறு யாரும் அவளுக்கு அப்படிச் சொல்லவில்லை.

மறுநாள் காலை பங்களா முற்றத்தில் இளஞ்சூட்டுத் தண்ணீரில் அந்தச் சவுக்காரத்தைக் கரைத்து, ஈர்க்குக் கட்டால் அடித்தாள். பத்து அடி அடிப்பதற்குள் நுரை வாளியின் விளிம்பைத் தாண்டி எழும்பியது. இன்னும் அடித்தாள். வெள்ளை வெளேரென்று, உதிராமல், குவியலாக நின்றது. மோரி வந்து பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது. ஒரு கை நுரையை அள்ளி உள்ளங்கையில் வைத்து ஊதினான். அது பிய்ந்து காற்றில் போயிற்று. அவன் சிரித்தான். முன்பல் ஒன்று இல்லாத சிரிப்பு. ஜப்பான்காரன் ஒருவன் சிரித்து அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவளும் என்னவென்று தெரியாமல் சிரித்துவைத்தாள்.

இரண்டு பேருமாகக் காரை நுரையால் மூடினார்கள். கூரை, கதவு, முன்மூடி எல்லாம் மறைந்து பஞ்சுப்பொதிபோல ஆயிற்று. பஞ்சாலையின் விரல் நுனிகள் எரிந்தன. தோல் வழுவழுப்பாகி உரிய ஆரம்பித்ததைக் கண்டும் வாளித் தண்ணீரில் அலசிக்கொண்டு பேசாமல் இருந்தாள். அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து அதிகாரி கத்தினான். பெட்டிகளை நகர்த்த ஆள் வேண்டும் போலிருக்கிறது. மோரி ஓடினான். அவளையும் பின்னால் வரச்சொல்லிச் சைகை காட்டினான். பெட்டிகளைத் தூக்கி, தரையைக் கூட்டி, மேசைகளைத் துடைத்து முடிப்பதற்குள் வெயில் நன்றாக ஏறிவிட்டது.

திரும்பி வந்தபோது நுரை அடங்கியிருந்தது. அடங்கிய இடமெல்லாம் பழுப்பும் மஞ்சளுமாக ஏதோ கசிந்து தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. பஞ்சாலை ஒரு வாளித் தண்ணீரைக் கதவின்மேல் ஊற்றினாள். கதவின் சாயம் காய்ச்சிய பாலில் ஆடை சுருங்குவதுபோலச் சுருங்கி, அப்படியே வழுக்கிக் கீழே விழுந்தது. உள்ளே கறுப்பு. கறுப்பும் போன இடத்தில் தகரம் பளபளத்தது.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். மோரி ஓடிவந்து உள்ளங்கையால் சாயத்தை அழுத்திப் பிடித்தான். பிடித்த கையோடு இன்னும் கொஞ்சம் வந்தது. முழங்காலிட்டு உட்கார்ந்து, தரையில் கிடந்த சாயத் துண்டுகளை எடுத்துக் கதவில் ஒட்டிப் பார்த்தான். அது ஒட்டாது என்று அவனுக்குத் தெரியாதா என்ன? கை தானாகச் செய்தது. பஞ்சாலையால் அவனைப் பார்க்க முடியவில்லை. கரைந்துபோன இறகு கண்முன் வந்து நின்றது.

அதிகாரி படிகளில் இறங்கி வந்தான். ஆம்புரோஸ் இரண்டடி பின்னால் வந்தார். அதிகாரி காரைச் சுற்றி ஒருமுறை நடந்தான். அவன் கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, ஏதோ ஒரு கேள்வி கேட்டான். ஆம்புரோஸின் முகம் வெளுத்தது. பஞ்சாலைப் பக்கம் திரும்ப வாயெடுத்தார். அதற்குள் மோரி ஓரடி முன்னால் வந்து விறைத்து நின்று, உரத்த குரலில் பதில் சொன்னான்.

அடுத்து நடந்தது எவ்வளவு நேரம் நீடித்தது என்று பஞ்சாலைக்குப் பிறகு சொல்லத் தெரியவில்லை. அதிகாரி விரித்த கையால் மோரியின் கன்னத்தில் அறைந்தான். தொப்பி பறந்தது. மோரி குனிந்து தொப்பியை எடுத்துத் தலையில் வைத்து, முன்போலவே விறைத்து நின்றான். மறுபடி அறை. மறுபடி தொப்பியை எடுத்து வைத்தான். ஏழெட்டு அறைக்குப் பிறகு அதிகாரி காலிலிருந்த பூட்ஸைக் கழற்றி அதன் குதிகாலால் அடித்தான். ஒவ்வோர் அடிக்கும் மோரி ஒரே சொல்லைக் கத்தினான். அது நன்றி சொல்வதுபோல அவளுக்குக் கேட்டது. இடது காதிலிருந்து ரத்தம் இறங்கிச் சட்டைக் கழுத்தை நனைத்தது. அவன் துடைக்கவில்லை.

லயத்து ஆட்களை இவர்கள் அடித்து அவள் பார்த்திருக்கிறாள். சிரம்பானில் தலையை வெட்டிக் கம்பத்தில் வைத்ததைப் பார்த்தவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறாள். தங்கள் ஆளையே, காதோரம் நரைத்த மனிதனை, அதுவும் அவன் வாங்கிக்கொள்ள வாங்கிக்கொள்ள அடிப்பார்கள் என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. நான்தான் கலக்கினேன் என்று சொல்லவேண்டும்.

ஆம்புரோஸ் உதடு அசையாமல் அவளிடம் சொன்னார். “நீ வாயத் தொறக்காத. தான் கலக்குனதா அவனே சொல்லிட்டான்.”

அவள் திறக்கவில்லை.

அதிகாரி பூட்ஸை மாட்டிக்கொண்டு உள்ளே போனான். போகும்போது ஆம்புரோஸிடம் ஒரு வார்த்தை சொன்னான். நாளைக் காலைக்குள் கார் பழைய நிறத்துக்கு வரவேண்டும். எப்படி என்று அவன் சொல்லவில்லை. தோட்டத்தில் ஒரு சொட்டுச் சாயம் இல்லை. ஆம்புரோஸ் படியில் உட்கார்ந்துவிட்டார். மோரி இன்னும் விறைத்தபடியே நின்றான். உத்தரவு கொடுத்தவன் போய்விட்டது அவனுக்குத் தெரியாததுபோல நின்றான்.

“ஏன் ஐயா அப்படிச் சொன்னான்?” என்று பஞ்சாலை கேட்டாள்.

“காடி அவன் பொறுப்பு. கூலிக்காரி மேல பழியப் போட்டா அதுக்கும் சேர்த்து அடி விழும்னு நெனச்சிருக்கலாம். இல்ல, உன்னையா இருந்தா கத்தியால போட்டுருவான்னு நெனச்சிருக்கலாம். எனக்கு எப்படித் தெரியும்? அவன்கிட்டக் கேட்டாலும் சொல்ல மாட்டான் லா.”

பஞ்சாலை காரில் சாயம் போன இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு யாரிடமும் கேட்காமல் வாளியை எடுத்துக்கொண்டு இறங்கிப்போனாள். வெட்டாமல் கிடந்த கித்தா மரங்கள் பங்களாவுக்குக் கீழேயே இருந்தன. பன்னிரண்டு வயதில் பால்வெட்டும் கத்தி பிடித்தவள் அவள். பால் வெட்டுகிற நேரம் இல்லை அது, வெயில் ஏறினால் மரம் கொஞ்சமாகத்தான் சுரக்கும். ஐம்பது அறுபது மரங்களைக் கீறி அரை வாளிப் பால் சேர்த்தாள். ஓடைக்கரைக் களிமண்ணைச் சலித்து, சாம்பலும் கொஞ்சம் கரித்தூளும் சேர்த்துப் பாலில் குழைத்தாள். முதலில் நிறம் சிவந்து நின்றது. கரி கூட்டினாள். காய்ந்த இலையின் நிறம் வந்தது. பங்களா முற்றத்துக்குக் கொண்டுவந்து, தகரத்தின் ஓர் ஓரத்தில் பூசிக் காட்டினாள். ஆம்புரோஸ் எழுந்து வந்து பார்த்தார். மோரியும் பார்த்தான்.

பொழுது சாயும்வரை மூன்று பேரும் பூசினார்கள். கழுத்துப் பொத்தான் கழற்றாத ஆம்புரோஸ் சட்டையையே கழற்றிவிட்டுப் பூசினார். மோரியின் இடது பக்கம் நின்று அவள் ஏதாவது கேட்டால் அவன் திரும்பவில்லை. வலது பக்கம் வந்தால்தான் திரும்பினான். முதலில் கோபம் என்று நினைத்தாள். மூன்றாவது தடவைதான் அவளுக்கு விளங்கியது. கையிலிருந்த பாளைத் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, அவன் வலது பக்கமாகப் போய் நின்றாள்.

“நாந்தான் கலக்குனேன். எறகு கரைஞ்சதப் பாத்தும் கலக்குனேன்.”

மோரி அவளைப் பார்த்தான். அவள் ஏதோ கேட்கிறாள் என்று எண்ணி, பாதி நிரம்பிய வாளியை எடுத்து அவள் பக்கம் நகர்த்தி வைத்தான். ஆம்புரோஸைப் பார்த்து அவள் இதை அவனுக்குச் சொல்லச் சொன்னாள். கிராணி தலையை ஆட்டி மறுத்துவிட்டார். அவனுக்குத் தெரியவே வேண்டாம் என்றார்.

மறுநாள் பெரிய அதிகாரி வந்தார். வேறொரு காரில் வந்தார். இந்தக் காரை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. தேநீர் குடித்துவிட்டு அரை மணி நேரத்தில் திரும்பிப் போய்விட்டார்.

கித்தாப் பால் பூச்சு நாலு வாரம் தாங்கியது. பிறகு வெடித்துச் சுருண்டு, வெயிலில் புளித்த நாற்றம் அடித்தது. அந்த நிலையிலேயே கண்ணாடி அதிகாரிக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்து, காரும் மோரியும் தோட்டத்தை விட்டுப் போனார்கள். போகிற அன்று பஞ்சாலை மரவள்ளிக்காட்டில் இருந்தாள். மோட்டார் சத்தம் கேட்டு நிமிர்ந்தபோது பாதையில் புழுதி மட்டும் இருந்தது.

நாற்பத்தைந்தில் சண்டை முடிந்தது. வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். நீலாவதி முகத்தைக் கழுவிக்கொண்டு வாசலில் வந்து உட்கார்ந்தாள். சயாமுக்குப் போனவர்களில் மிஞ்சியவர்கள் இரண்டு மூன்று பேராக வந்து சேர்ந்தார்கள். எட்டாங்கட்டையிலிருந்து போன நாற்பத்திரண்டு பேரில் ஒன்பது பேர் வந்தார்கள். அவர்களில் நல்லசாமி என்பவன் வீடு தேடி வந்து, வாசலிலேயே நின்று சொன்னான். சன்னாசி போன வருஷமே, இரண்டாவது மழையில், வாந்திபேதியில் போய்விட்டான். அன்றைக்குச் செத்த பதினாறு பேரோடு சேர்த்து எரித்தார்களாம். மேலும் கேட்க வாயெடுத்த நீலாவதியைப் பஞ்சாலை கையமர்த்தினாள். நல்லசாமிக்குச் சுடுதண்ணீர் கொடுத்து உட்காரவைத்தாள். அவள் அழவில்லை. அழுகை எங்கே போயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை.

பத்து நாள் கழித்துத் துணி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மங்கம்மாவும் அவளும் சிரம்பானுக்கு நடந்தார்கள். ஊரின் தெமியாங் பகுதியில் சாலையோரம் கூட்டமாக இருந்தது. பிடிபட்ட ஜப்பான் சிப்பாய்கள் முப்பது நாற்பது பேர் சாக்கடையைத் தூர்வாரிக்கொண்டிருந்தார்கள். துப்பாக்கியோடு இரண்டு பஞ்சாபிப் பட்டாளத்தார் காவல் நின்றார்கள். வேடிக்கை பார்த்தவர்கள் துப்பினார்கள், ஏசினார்கள். ஒரு சீனக் கிழவி செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

பஞ்சாலை ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவனைத் தேடுகிறோம் என்று நினைத்துத் தேடவில்லை. ஆனாலும் கண்ணில் பட்டான். கரையில் ஏறி மண்ணைக் கொட்டிக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. அவன் நிமிர்ந்தபோது அவளைக் கண்டான். முதலில் விழித்தான். பிறகு மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் தொடையோடு ஒட்டவைத்து, இடுப்பு வளையக் குனிந்து வணங்கினான்.

பத்து நாளாக வராதது அப்போது வந்தது. அவளுக்குத் தெரிந்த ஒரே ஜப்பான்காரன் அவன்தான். இந்த உலகத்தில் அவள் கேள்வி கேட்கக்கூடிய ஒரே ஜப்பான்காரன்.

“எம்புருசன் எங்கடா?” என்றாள். “சன்னாசிய என்னடா பண்ணுனீங்க?”

அவன் குனிந்தவாறே வலது காதை அவள் பக்கம் திருப்பினான். அவள் இன்னும் நெருங்கிப்போய், குரல் கிழிய, அதையே கேட்டாள். நெஞ்சில் அடித்துக்கொண்டாள். பின்னாலிருந்து கூட்டம் நெருக்கியது. இவன்தான் இவள் புருஷனைக் கொன்றவன் என்று யாரோ சொன்னார்கள். கைலியைத் தூக்கிக் கட்டிய ஓர் ஆள் அவளை ஒதுக்கிவிட்டு முன்னால் போய், மோரியின் கன்னத்தில் ஓங்கி அறைந்தான்.

தொப்பி சேற்றில் விழுந்தது. மோரி குனிந்து அதை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, விறைத்து நின்றான்.

பஞ்சாலைக்குக் காது அடைத்துக்கொண்டது. இன்னும் மூன்று பேர் பாய்ந்தார்கள். கல் ஒன்று வந்து அவன் நெற்றியில் பட்டது. “இவன் இல்ல” என்று அவள் கத்தினாள். “விடுங்கடா, இவன் இல்ல.” அந்த இரைச்சலில் யார் கேட்பது? மங்கம்மா அவள் தோளைப் பிடித்து இழுத்து, இவனில்லை என்றால் எவன் என்று காட்டு அக்கா என்றாள். பட்டாளத்தார் துப்பாக்கிக் கட்டையால் கூட்டத்தைத் தள்ளி விலக்கியபோது மோரி உட்கார்ந்திருந்தான். முகம் முழுக்க ரத்தம். சாக்கடையில் இருந்த இரண்டு பேர் அவனைத் தாங்கித் தூக்கி லோரியில் ஏற்றினார்கள். லோரி போய்விட்டது.

துணி வாங்கப் போகவில்லை அவள். மங்கம்மாவை வரிசைக்கு அனுப்பிவிட்டு, ஒற்றையாளாக ரஹாங்குக்கு நடந்தாள். ஆம்புரோஸின் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. ஜப்பான்காரனுக்கு மொழிபெயர்த்தவன் என்று இரண்டு தடவை அவரைப் பிடித்து விசாரித்திருந்தார்கள். வீட்டில் கல்லெறிந்திருந்தார்கள். அவள் பேரைச் சொன்ன பிறகுதான் அவர் மனைவி லில்லி கதவைத் திறந்தாள்.

பஞ்சாலை நடந்ததைச் சொன்னாள். ஆம்புரோஸ் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து கேட்டார். மன்னிச்சுக்கோ என்பதற்கு அவர்கள் பாஷையில் என்ன சொல்வது என்று அவள் கேட்டாள்.

“அந்தப் பாஷைய நான் மறந்துட்டேன்” என்றார் அவர்.

அவள் போகவில்லை. தரையில் உட்கார்ந்துகொண்டாள். லில்லி கணவனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஜன்னலைச் சாத்தினாள். ஆம்புரோஸ் மெல்ல அந்தச் சொல்லைச் சொன்னார். மூன்று தடவை திருப்பிச் சொல்லச் சொல்லி, அவள் உச்சரிப்பைத் திருத்தினார். பிறகு, இங்கே கற்றுக்கொண்டாள் என்று யாரிடமும் சொல்லக்கூடாது என்றார்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் பஞ்சாலை தெமியாங்குக்குப் போனாள். முதல் நாள் வேறு ஆட்கள் மண் அள்ளினார்கள். இரண்டாம் நாள் சாக்கடை வேலை முடிந்து, கரை காலியாகக் கிடந்தது. அந்த வழியாக வந்த பட்டாளத்தான் ஒருவனிடம் மலாயில் விசாரித்தாள். எல்லோரையும் ரயிலில் ஏற்றி சிங்கப்பூருக்கு அனுப்பியாயிற்று என்றான். காயம்பட்ட ஒருவன் என்னவானான் என்று கேட்டாள். காயம்படாத ஜப்பான்காரன் இருக்கிறானா என்று அவன் சிரித்தான்.

அவள் எட்டாங்கட்டைக்கு நடந்தே திரும்பினாள். வாசலில் நீலாவதி, தோள்வரை வளர்ந்துவிட்ட மயிரைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாளாக எங்கே போகிறாய் அண்ணி என்று கேட்டாள். துணி தேடிப் போனேன், கிடைக்கவில்லை என்று பஞ்சாலை சொன்னாள்.

அந்த வாரமே புது துரை வந்துவிட்டார். மரம் வெட்ட ஆள் எடுத்தார்கள். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் புதுக் கிராணி ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார். சன்னாசியின் பேரையும் பழைய பட்டியலிலிருந்து படித்தார். ஆள் இல்லை என்று வேலை மேய்க்கும் மண்டோர் சொன்னார். அடுத்து பஞ்சாலை என்று கூப்பிட்டார். பதில் வரவில்லை. அவள் முன்வரிசையில்தான், ஆம்புரோஸ் சொல்லிக்கொடுத்த சொல்லை வாய்க்குள் சொல்லிக்கொண்டு நின்றாள். இரண்டாவது தடவை கூப்பிட்டு, பக்கத்தில் நின்ற மங்கம்மா முழங்கையால் இடித்த பிறகுதான், “இருக்கேங்க” என்றாள்.